ப்ரூயிட்-ஐகோ: சில விநாடிக் காட்சியும் 83 நிமிடப் பதிலும்

நகரத் திட்டமிடல் படித்தவர்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அடியில் வெடி வெடிக்கிறது. ஒரு கணம் ஒன்றும் ஆகாதது போல இருந்துவிட்டு, அடுத்த கணம் கால் மடிந்து தன் மேலேயே சரிகிறது. அப்புறம் வெறும் புழுதி. 1972ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரில், ப்ரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பை இடிக்கத் தொடங்கியபோது எடுத்த படம் அது.

அந்தச் சில விநாடிகளுக்குப் பின்னாளில் பெரிய வாழ்வு கிடைத்தது. கட்டடக்கலை விமர்சகர் சார்லஸ் ஜென்க்ஸ் 1977ல், நவீனக் கட்டடக்கலை 1972 ஜூலை 15 பிற்பகல் 3.32 மணியளவில் செயின்ட் லூயிஸில் செத்துப்போனது என்று எழுதினார். காட்ஃப்ரே ரெஜியோ 1982ல் வெளியிட்ட ‘கொயானிஸ்காட்ஸி’ படத்தில் பிலிப் கிளாஸின் இசையோடு அந்தக் கட்டடங்கள் மெல்ல மெல்ல விழுந்தன. வகுப்பறைகளிலும் அதே காட்சி ஓடியது. பாடமும் ஒன்றுதான்: ஏழைகளை உயரமான கான்கிரீட் பெட்டிகளில் அடைத்தால் இப்படித்தான் முடியும்.

ஜென்க்ஸ் சொன்ன தேதியே சற்று ஆட்டம் காண்கிறது. முதல் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தது அதே ஆண்டு மார்ச் 16ல். இந்தத் திட்டம் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் விருது பெற்றது என்றும் அவர் எழுதினார். அப்படி எந்த விருதும் இதற்குக் கிடைக்கவில்லை. ‘ஆர்க்கிடெக்சுரல் ஃபோரம்’ இதழ் 1951ல் பாராட்டி எழுதியிருந்தது, அவ்வளவுதான். இதையெல்லாம் தோண்டி எடுத்து கேத்தரின் பிரிஸ்டல் 1991ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பு ‘ப்ரூயிட்-ஐகோ கட்டுக்கதை’. கல்வி இதழ் ஒன்றில் வந்த கட்டுரைக்கு வாசகர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இடியும் காட்சியைப் பார்த்தவர்களோ லட்சக்கணக்கில். இருபது ஆண்டுகள் கழித்து, 2011ல், அதே தலைப்பில் சாட் ஃப்ரீட்ரிக்ஸ் என்ற மிசூரிக்காரர் 83 நிமிட ஆவணப்படம் ஒன்றை வெளியிட்டார். ஒரு காட்சி பரப்பிய கதையைத் திருத்தக் கட்டுரை போதாது, இன்னொரு படம் தேவைப்பட்டது. அந்தப் படம் அதை எப்படிச் செய்தது, எங்கே வழுக்கியது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

கட்டப்பட்டதும் காலியானதும்

முதலில் நடந்தது என்ன? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு செயின்ட் லூயிஸின் நடுப்பகுதி பழுத்துப்போன செங்கல் வீடுகளும் நெரிசலுமாக இருந்தது. கழிப்பறைகூடப் பல வீடுகளில் உள்ளே கிடையாது. 1947ல் வந்த நகரத் திட்டம், 1970க்குள் மக்கள்தொகை 9 லட்சத்தைத் தொடும் என்று கணக்குப் போட்டது. 1949ல் கூட்டாட்சி அரசின் வீட்டுவசதிச் சட்டம் வந்தது. குடிசைப் பகுதிகளை அப்புறப்படுத்தவும் அரசு வீடுகள் கட்டவும் வாஷிங்டனிலிருந்து பணம் கிடைக்கும் என்றானது.

அந்தப் பணத்தில் எழுந்ததுதான் ப்ரூயிட்-ஐகோ. 57 ஏக்கர் நிலம், 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, மொத்தம் 2,870 வீடுகள். பெயரில் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். வெண்டல் ப்ரூயிட், இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் ஓட்டிய அந்த ஊர்க் கறுப்பின வீரர். வில்லியம் ஐகோ, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வெள்ளையின முன்னாள் உறுப்பினர். பெயர் இரண்டானதற்குக் காரணம் உண்டு. ஒரு பாதி கறுப்பின மக்களுக்கு, மறுபாதி வெள்ளையர்களுக்கு என்று பிரித்துத்தான் திட்டமே போட்டார்கள். 1954ல் குடித்தனக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். 1955ல் நீதிமன்றம் இந்தப் பிரிவினை செல்லாது என்றது. கொஞ்ச காலத்தில் வெள்ளைக் குடும்பங்கள் போய்விட்டன.

கட்டடக் கலைஞர் மினோரு யமசாகி. பின்னாளில் நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களை வடிவமைத்தவர் இவரே. குட்டைக் கட்டடங்களும் உயரமான கட்டடங்களும் கலந்து, நடுவே மரங்களும் நடைபாதையுமாகத்தான் அவர் முதலில் வரைந்தார். செலவு கூடும் என்று அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாமே 11 மாடி ஆனது. லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்காது. 1, 4, 7, 10 என்று மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் இறங்கிப் படியேற வேண்டும், அல்லது படியிறங்க வேண்டும். லிஃப்ட் நிற்கும் மாடிகளில் அகலமான தாழ்வாரம். அங்கே பிள்ளைகள் விளையாடும், பெண்கள் துணி துவைத்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள் என்று வரைபடம் சொன்னது. கீழ்த்தளத்தில் பொதுக் கழிப்பறை வைக்க மறந்தார்களோ, காசு மிச்சம் பிடித்தார்களோ, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவசரத்துக்கு லிஃப்டையே பயன்படுத்தும் நிலை வந்தது.

ஆரம்ப ஆண்டுகள் அப்படியொன்றும் மோசமில்லை. 1957ல் நூற்றுக்கு 91 வீடுகளில் ஆள் இருந்தார்கள். அங்கிருந்துதான் சரிவு. 1971 வாக்கில் 17 கட்டடங்களில் வெறும் 600 பேர் மிஞ்சினார்கள், மற்ற 16ம் அடைத்துக் கிடந்தன. 1976க்குள் எல்லாம் தரைமட்டம்.

இருபது ஆண்டுகள்கூட நிற்காத கட்டடம் என்றால் வடிவத்தில்தான் கோளாறு என்று தோன்றுவது இயல்பு. கேமராவும் அதைத்தான் காட்டுகிறது. கேமராவுக்குக் கட்டடம் தெரியும். கணக்குப் புத்தகம் தெரியாது.

கணக்குப் புத்தகத்தைப் படமாக்குவது

ஃப்ரீட்ரிக்ஸின் படம் முன்வைக்கும் வாதத்தை ஓரளவு சுருக்கமாகச் சொல்லலாம். கட்டுவதற்கான முதலீட்டை வாஷிங்டன் கொடுத்தது. பராமரிப்புச் செலவு முழுக்கக் குடியிருப்போரின் வாடகையிலிருந்து வர வேண்டும் என்று ஏற்பாடு. துப்புரவு, லிஃப்ட், குழாய், கண்ணாடி, காவல் எல்லாமே அதில்தான். குடியிருந்தவர்கள் நகரத்திலேயே மிக ஏழைகள். வீடுகள் காலியாகக் காலியாக வாடகை குறைந்தது. வாடகை குறையப் பராமரிப்பு குறைந்தது. பராமரிப்பு குறைய இன்னும் சிலர் காலி செய்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு வாடகையை ஏற்றினார்கள். 1960களின் இறுதியில் சிலர் வருமானத்தில் பாதிக்கு மேல் வாடகையாகக் கொடுத்தார்கள்.

இதே காலத்தில் நகரமும் சுருங்கிக்கொண்டிருந்தது. 9 லட்சம் வரும் என்று எதிர்பார்த்த 1970ல் மக்கள்தொகை 6,22,236. இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்ததே 8,56,796. ஆலைகள் போயின. வெள்ளை நடுத்தர வர்க்கம் அரசின் கடன் உத்தரவாதத்தோடு புறநகரில் தனி வீடு வாங்கிப் போனது. கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியே இருந்தது. நகரம் வளரும் என்று நம்பிக் கட்டிய குடியிருப்பு, ஆள் குறைந்துகொண்டே போகும் நகரத்தில் மாட்டிக்கொண்டது.

வாதம் புரிகிறது. ஆனால் இதை எப்படிப் படமாக்குவது? ஒரு சட்டப் பிரிவை எந்தக் கோணத்தில் வைத்து எடுப்பது? ‘வாடகையிலிருந்தே பராமரிப்பு’ என்ற ஒற்றை வரிதான் 33 கட்டடங்களை விழுத்தாட்டியது என்றால், அந்த வரிக்கு முகம் இல்லை, ஓசை இல்லை, புழுதி இல்லை. நகரத் திட்டமிடலைப் படமெடுக்க இறங்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். விளைவைக் காட்டலாம்; காரணம் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும். பலர் இங்கே ஒரு பேராசிரியரைப் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார வைத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஃப்ரீட்ரிக்ஸும் பேராசிரியர்களை உட்கார வைக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. நகர வரலாற்றாசிரியர்கள் ராபர்ட் ஃபிஷ்மன், ஜோசப் ஹீத்காட் இருவரும் பேசுகிறார்கள். ஆனால் படத்தின் முதுகெலும்பு அங்கே குடியிருந்தவர்கள்தான். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களை நிதானமாகப் பேச விட்டிருக்கிறார். சட்டத்தின் முகம் அவர்களுடைய பேச்சில் வெளியே வருகிறது.

ஓர் உதாரணம் போதும். மிசூரியில் உதவித்தொகை பெறும் வீட்டில் வேலை செய்யக்கூடிய உடல்நிலையில் உள்ள ஆண் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறையில் இருந்தது. இதை ஒரு பேராசிரியர் சொன்னால் தகவல். படத்தில் ஒரு பெண் சொல்கிறார். குடும்பத்துக்கு உதவி கிடைக்க வேண்டுமென்றால் அப்பா வீட்டை விட்டு, மாநிலத்தை விட்டே போக வேண்டும் என்றார்கள். தொலைபேசி கூடாது, தொலைக்காட்சி கூடாது. அப்பா எப்போதாவது திருட்டுத்தனமாக வந்து போவார்; விசாரிக்க வருகிறவர்களிடம் பிள்ளைகள் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்துவதில்லை. பின்னணி இசையைக் கூட்டி நம்மை அழவைக்கும் முயற்சியும் அங்கே இல்லை. ஒரு நலத்திட்டம் எப்படிக் குடும்பத்தைக் காவல் காக்கும் வேலையாக மாறியது என்பதை அந்தச் சில நிமிடங்கள் காட்டிவிடுகின்றன.

இன்னொருவரின் நினைவு முற்றிலும் வேறு. அவருக்குக் கிடைத்தது 11ஆவது மாடி. ஏழையின் பென்ட்ஹவுஸ், அதாவது உச்சிமாடிச் சொகுசு வீடு, என்று அதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஜன்னலில் வெளிச்சம், புது வீட்டு வாசனை, கிறிஸ்துமஸ் விளக்குகள். முந்தைய வீட்டின் நிலைமையிலிருந்து வந்தவருக்கு அது உண்மையிலேயே மாளிகைதான். இந்தச் சந்தோஷத்தைப் படத்தின் முன்பாதியில் தாராளமாக விட்டுவைத்தது, என் கணிப்பில், இயக்குநர் எடுத்த மிக நல்ல முடிவு. ‘அரசு வீடு என்றாலே நரகம்’ என்று மனதில் முடிவு செய்துகொண்டு வந்து உட்காரும் பார்வையாளரை அது குலைத்துப்போடுகிறது. நல்லது எது என்று தெரிந்தால்தான் எது போனது என்று தெரியும்.

அதே படத்தில் ஒருவர் தன் சகோதரன் சுடப்பட்டுக் கண்ணெதிரே சரிந்ததைச் சொல்கிறார். அந்த இடத்தின் மீது அவருக்கு இன்றும் ஆத்திரம். பென்ட்ஹவுஸ்காரரின் ஏக்கமும் இவருடைய ஆத்திரமும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லப் படம் போகவில்லை. சமூகம் என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு எல்லாக் குரலையும் ஒரே குரலாக்கும் பழக்கம் இந்த வகைப் படங்களில் அதிகம். அதற்கு இடம் கொடுக்காததற்காகவே இந்தப் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாம்.

சமூகவியலாளர் ஜாய்ஸ் லாட்னர் இரண்டு பக்கமும் நிற்கிறார். 1960களில் ஆராய்ச்சி மாணவியாக அங்கே போய் வந்தவர், தானும் கறுப்பினப் பெண். சமூகவியலாளர் லீ ரெயின்வாட்டர் தலைமையில் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்திய பெரிய ஆய்வில் வேலை செய்தவர். அந்த வீடுகளை நடத்திய விதத்தில் ஏழைகளைத் தண்டிக்கும் எண்ணம் இருந்தது என்று அவர் சொல்லும்போது வெறும் கருத்தாகக் கேட்கவில்லை.

1969: வாடகை கொடா போராட்டம்

இடியும் காட்சியை மட்டும் பார்த்தவர்களுக்கு அறவே தெரியாத பகுதி இது. 1969 தொடக்கத்தில் செயின்ட் லூயிஸின் அரசுக் குடியிருப்புவாசிகள் வாடகை தர மறுத்தார்கள். முன்னணியில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒன்பது மாதம் தாக்குப்பிடித்து வென்றார்கள். வாடகை குறைந்தது, நிர்வாகத்தில் குடியிருப்போருக்கும் இடம் கிடைத்தது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம், அரசு வீட்டு வாடகை வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது.

வெற்றிதான். ஆனால் வாடகையிலிருந்தே பராமரிப்பு என்ற பழைய ஏற்பாட்டின் மீது இது விழுந்தபோது, குடியிருப்பை நடத்திய வீட்டுவசதி வாரியத்தின் கையில் இருந்த காசு இன்னும் குறைந்தது. ஈடுகட்ட வேண்டிய மத்தியப் பணம் உடனே வந்து சேரவில்லை. குளிர்காலத்தில் குழாய்கள் வெடித்தன, ஒழுகிய நீர் மாடிப்படிகளில் உறைந்தது. அந்தப் பனிக்கட்டிப் படிகளின் காப்பகக் காட்சியைப் படம் காட்டுகிறது. எனக்கு டைனமைட் காட்சியைவிட இதுதான் மனதில் நிற்கிறது. கட்டடம் அந்தப் படிகளிலேயே விழுந்துவிட்டது. 1972ல் நடந்தது அடக்கம்.

காப்பகக் காட்சிகளைக் கையாண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். 1950களின் விளம்பரப் படங்கள், செய்திப்படங்கள், தொலைக்காட்சித் துணுக்குகள் எல்லாம் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நோக்கத்தோடு எடுத்தவை. பளபளவென்ற புதுச் சமையலறையைக் காட்டும் அரசுக் குரலும், உடைந்த ஜன்னல்களைக் காட்டும் செய்தியாளர் குரலும் ஒரே கட்டடத்தைத்தான் காட்டுகின்றன. இரண்டுக்குமே அங்கே வாழ்கிறவர்கள் பேசத் தேவைப்படவில்லை. அந்த ஓசையற்ற முகங்களுக்கு மேல், நாற்பது ஆண்டு கழித்து, வயதான குரல்களை வைத்தபோது பழைய படத்துண்டுகளின் அர்த்தம் மாறுகிறது. இது எடிட்டிங் மேசையில் எடுத்த அரசியல் முடிவு. இடியும் காட்சியையும் ஃப்ரீட்ரிக்ஸ் ஒதுக்கிவிடவில்லை. காரணங்களை அடுக்கிய பிறகு அதைப் பார்க்கும்போது கட்டடக்கலையின் சாவாக அது தெரிவதில்லை.

ஸ்டெப்னியிலிருந்து ஒரு கிளை

குடியிருப்போரைக் கேமராவைப் பார்த்துப் பேச வைப்பது இன்று சாதாரணம். 1935ல் அது புதுசு. எட்கர் ஆன்ஸ்டி, ஆர்தர் எல்டன் இருவரும் லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் ‘ஹவுஸிங் பிராப்ளம்ஸ்’ என்ற குறும்படத்தை எடுத்தார்கள். ஒலிப்பதிவுக் கருவிகளை இடுக்கு வீடுகளுக்குள் தூக்கிக்கொண்டு போய், எலியோடும் மூட்டைப்பூச்சியோடும் வாழ்கிறவர்களை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். அதற்கு முன் ஏழைகள் திரையில் தெரிந்தார்கள், பேசியதில்லை. ரூபி க்ரியர்சன் என்ற பெண்தான் அவர்களைக் கூச்சமில்லாமல் பேச வைத்தவர்.

காசு போட்டது யார்? பிரிட்டனின் எரிவாயு வணிகச் சங்கம். புது அடுக்குமாடி வீடுகள் வந்தால் எரிவாயு அடுப்பும் வரும். படத்தில் ஏழைகள் சொன்னது அத்தனையும் உண்மைதான். ஆனால் அந்த உண்மைகள் எந்த முடிவை நோக்கி அடுக்கப்பட்டன என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது. குடிசைகளை இடி, அடுக்குமாடி கட்டு. தீர்வாக அந்தப் படம் பெருமையோடு காட்டியவற்றில் ஒன்று லீட்ஸ் நகரின் குவாரி ஹில் குடியிருப்பின் மாதிரி. 1930களின் இறுதியில் கட்டி எழுப்பிய அதையும் 1978ல் இடித்தார்கள்.

இந்தக் கிளைக்கதையை நுழைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மக்களைப் பேச வைத்துவிட்டோம் என்பதாலேயே படம் மக்கள் பக்கம் நிற்கிறது என்று ஆகிவிடாது. ஸ்டெப்னி படத்தில் மக்கள் வலியைச் சொன்னார்கள். காரணத்தையும் தீர்வையும் கவுன்சிலரும் விவரிப்புக் குரலும் சொல்லின. ப்ரூயிட்-ஐகோ படத்தில் காரணத்தையும் சேர்த்து அங்கே வாழ்ந்தவர்களே சொல்கிறார்கள். 76 ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. கருவி சிறுத்ததைவிட இது பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன்.

இடறும் இடங்கள்

குறையில்லாத படம் என்று சொல்லமாட்டேன். ஒரு கட்டுக்கதையை உடைக்கக் கிளம்பும் படம் எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாயும், இதுவும் சாய்கிறது. கட்டடத்தின் வடிவம் ஒன்றுமே செய்யவில்லை என்ற எண்ணத்தோடு பார்வையாளர் எழுந்து போக வாய்ப்பு உண்டு. அது சரியில்லை. மூன்று மாடிக்கு ஒருமுறை நிற்கும் லிஃப்டும், யார் கண்ணிலும் படாத படிக்கட்டும், யாருக்கும் சொந்தமில்லாத நீளத் தாழ்வாரமும் பழுதானபோது அங்கே வாழ்ந்த பெண்கள் பயந்துதான் நடந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கமே கார் ஸ்குவேர் வில்லேஜ் என்று தாழ்வான வரிசை வீடுகள் கொண்ட இன்னொரு அரசுக் குடியிருப்பு இருந்தது. ஏறக்குறைய அதே மாதிரி ஏழைக் குடும்பங்கள். ஆனால் ப்ரூயிட்-ஐகோ காலியான காலத்திலும் அங்கே ஆள் நிறைந்திருந்தார்கள். ஆஸ்கர் நியூமன் 1972ல் வெளியிட்ட நூலில் இந்த ஒப்பீட்டை வைத்துத்தான் வடிவமைப்பின் பங்கை வாதிட்டார். அவர் முடிவுகளை முழுக்க ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வடிவம் கடந்துபோகிற அளவுக்குச் சின்ன விஷயம் அல்ல. ஏழைகளுக்குக் கட்டும்போது வடிவமும் ஒரு பட்ஜெட் முடிவுதான். லிஃப்டின் நிறுத்தங்களைக் குறைத்ததும் திட்டத்திலிருந்து மரங்களைக் கழித்ததும் அதே பணப்பையிலிருந்து வந்த முடிவுகள். படம் வடிவத்தையும் பணத்தையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒரே கயிற்றில் கட்டியிருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

இரண்டாவது குறை, மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் படத்தில் இல்லாதது. பட்டுவாடாவில் கையெழுத்துப் போட்டவர்கள், எந்தக் கட்டடத்தின் லிஃப்டை முதலில் சரி செய்வது என்று முடிவெடுத்தவர்கள், பழுது பார்க்கப் போன பிளம்பர்கள், மெக்கானிக்குகள். வாரியம் என்று ஒரு பெயர் படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, அதற்குள் இருந்த மனிதர்கள் நமக்கு அறிமுகமாவதில்லை. வில்லன் தேவை என்பதற்காகச் சொல்லவில்லை. காசில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து தினமும் எதைக் கைவிடுவது என்று பட்டியல் போட்ட ஒருவர் பேசியிருந்தால், அந்த முகமற்ற சட்ட வரி இன்னொரு பக்கத்திலிருந்தும் தெரிந்திருக்கும்.

இப்படி ஒரு படம் எடுக்க யாராவது கிளம்பினால், ஆட்களைத் தேடும் அதே வாரத்தில் காகிதங்களையும் தேடச் சொல்வேன்: வாடகை ரசீதுப் புத்தகம், லிஃப்ட் பழுதுப் பதிவேடு, புகார் நோட்டு, மாதாந்திரத் தண்ணீர்க் கட்டணம், மாற்றிய பல்புகளின் கணக்கு. அலுவலகம் இடம் மாறும்போதும் வாரியம் பெயர் மாறும்போதும் முதலில் எடைக்குப் போவது இவைதான். புகார் நோட்டில் தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பாட்டி பேசினால், வெறும் நாற்காலியில் உட்கார்ந்து நினைவிலிருந்து பேசுவதைவிடக் கறாராகப் பேசுவார். வாரியத்துக்காரர் மறுத்தாலும் தேதியோடு மறுக்க வேண்டியிருக்கும்.